பெஞ்சை நகர்த்தினால் காய்ச்சல் நகருமா?

பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் பரவினால் நம்ம ஊரில் முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? பெஞ்சை மாற்றிப் போடுவார்கள். நாலு பேர் உட்கார்ந்த பெஞ்சில் மூணு பேர். மிச்சமான பையனுக்கு ஆபீஸ் ரூமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அப்புறம் ஒரு போட்டோ. வாட்ஸப் குரூப்பில் "மாணவர் நலன் கருதி இருக்கைகள் மாற்றி அமைக்கப்பட்டுள்ளன" என்று ஒரு செய்தி. கீழே வரிசையாக முப்பது பெற்றோர் கைகூப்புவார்கள். முடிஞ்சது சோலி.

இந்தக் கூத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். காபியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான் பிறந்து வளர்ந்தது அந்தமானில், போர்ட் பிளேரில். (2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம். என் வாயில் இன்னும் வரமாட்டேன் என்கிறது.) இப்போது டொராண்டோவில் கட்டிடங்களுக்குக் காற்று வசதி அமைக்கும் வேலை. அதாவது ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு எவ்வளவு வெளிக்காற்று வேண்டும், அதை எந்த வழியாக உள்ளே கொண்டுவந்து எந்த வழியாக வெளியே தள்ளுவது என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்குகிறவன். அதனால் அக்கா தன் பெண்ணின் பள்ளிக்கூட போட்டோவை அனுப்பி "பாருடா, எவ்வளவு நல்லா இடம் விட்டு உட்கார வெச்சிருக்காங்க" என்று சொன்னபோது என் கண் பெஞ்சுக்குப் போகவில்லை, ஜன்னலுக்குப் போனது. நாலு ஜன்னல். நாலும் சாத்தியிருந்தது. மேலே ஸ்பிளிட் ஏசி.

பள்ளியின் பெயர் வேண்டாம். அதுவும் நல்ல பள்ளிதான். பிரச்சினை ஒரு பள்ளியோடு முடிவதும் இல்லை.

ஆறு அடி கணக்கு

முதலில் சின்னதாக ஒரு கணக்கு. நம் ஊர் வகுப்பறை சுமாராக 20 அடிக்கு 25 அடி என்று வைத்துக்கொள்வோம். 500 சதுர அடி. கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், மத்தியக் கல்வி அமைச்சகம் பள்ளிகளைத் திறப்பதற்கான வழிமுறைகளை வெளியிட்டது. மாணவர்களுக்கு இடையே 6 அடி இடைவெளி வேண்டும் என்றது. ஒரு பிள்ளைக்கு ஆறுக்கு ஆறு, 36 சதுர அடி. 500-ஐ 36-ஆல் வகுத்தால் 13 பேர், இழுத்துப் பிடித்தால் 14. சுவரோடு சுவராக ஒட்டி உட்கார வைத்தால் 20 பேரை அடைக்கலாம், ஆனால் டீச்சர் வராந்தாவில் நின்று பாடம் எடுக்க வேண்டும் :-)

தமிழ்நாட்டில் 2021 ஜனவரி 19-ல் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் திறந்தபோது அறைக்கு 25 பேர் என்று வைத்தார்கள். அது நடைமுறைக்கு ஒத்து வந்தது. ஏன்? மற்ற வகுப்பெல்லாம் வீட்டில் இருந்தது, அறைகள் காலியாகக் கிடந்தன. இன்றைக்கு எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்கும்போது 40 பேர் வகுப்பில் "இடைவெளி விட்டு உட்கார வைத்திருக்கிறோம்" என்று யாராவது சொன்னால், ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்து பாருங்கள். ஒன்றரை அடி இருக்கும்.

அந்த 6 அடியும் வேதவாக்கு இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021 மார்ச்சில் பள்ளிகளுக்கு 3 அடி போதும் என்று இறங்கி வந்தது. பெரிய எச்சில் துளிகள் சில அடி தூரத்துக்குள் விழுந்துவிடும் என்பது 6 அடிக்குப் பின்னால் இருந்த எண்ணம். விழும்தான். ஆனால் விழாத துளிகளும் உண்டு. பேசும்போது, பாடும்போது, ஏன், சும்மா மூச்சு விடும்போதே வெளியே வரும் நுண்துளிகள் அகர்பத்திப் புகை மாதிரி அறை முழுக்க மிதக்கும். அறையின் ஒரு மூலையில் அகர்பத்தி ஏற்றினால் எதிர் மூலையில் இருப்பவனுக்கு மணக்காதா? "நீ ரெண்டு அடி தள்ளி உட்கார்ந்தால் மணக்காது" என்று சொன்னால் சிரிப்போம். கிருமிக்கு மட்டும் சொன்னால் கைகூப்புகிறோம்.

உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் கொரோனா காற்றில் பரவாது என்று அடித்துச் சொன்னது. 2021-ல்தான் பரவும் என்று ஒப்புக்கொண்டது. பெரிய ஆபீசிலேயே அந்த நிலைமை என்றால் நம் ஊர் ஹெட்மாஸ்டரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் இப்போது விஷயம் தெரிந்த பிறகும் அதே பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் கேட்கத்தான் வேண்டும்.

ஒரு குழந்தை, பதினாலு வகுப்பறை

1974-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ராச்செஸ்டர் நகருக்குப் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் தட்டம்மை வந்தது. இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றுதான் ஆரம்பம். அந்த ஒரு குழந்தையிடமிருந்து 28 பேருக்குப் பரவியது. அவர்கள் 14 வெவ்வேறு வகுப்பறைகளில் இருந்தவர்கள். பெரும்பாலானோர் தடுப்பூசி போட்டவர்கள் என்று பதிவான பள்ளி அது. பக்கத்து பெஞ்சு, எதிர் பெஞ்சு எல்லாம் தாண்டி, சுவரைத் தாண்டி, கட்டிடத்தின் காற்றுக் குழாய் வழியாகவே நோய் போயிருக்கிறது. ரைலி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1978-ல் இதைக் கணக்குப் போட்டு எழுதினார்கள். என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பாலபாடம்.

இந்தப் பள்ளியில் பெஞ்சை எப்படி மாற்றிப் போட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள்? சொல்லுங்கள்.

அதே சமயம் நியாயமாகவும் பேச வேண்டும். இருக்கைக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2021 மே மாதம் கலிபோர்னியாவில் மரின் கவுண்டியில் ஒரு வகுப்பறை. பெஞ்சுகள் 6 அடி இடைவெளியில். ஜன்னல் கதவு திறந்திருந்தது. காற்று வடிகட்டியும் இருந்தது. தடுப்பூசி போடாத ஆசிரியர் ஒருவர் உடம்பு சரியில்லாமலே இரண்டு நாள் பள்ளிக்கு வந்து, அவ்வப்போது மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கதை படித்துக் காட்டினார். முன் இரண்டு வரிசையில் 10 பேரில் 8 பேருக்குக் கொரோனா. பின் மூன்று வரிசையில் 14 பேரில் 4 பேருக்கு. ஆக, யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்பதில் வித்தியாசம் இருந்தது. முதல் பெஞ்சு படிப்பாளிகளே, ஜாக்கிரதை :-)

ஆனால் இந்தக் கதையின் பாடம் "பின்னால் உட்கார்" என்பதா? இல்லைங்க. காய்ச்சல்காரர் பள்ளிக்கு வரக்கூடாது என்பதுதான் பாடம். ஒரு தப்பை முதல் படியிலேயே விட்டுவிட்டால் அடுத்த மூன்று படியும் சேர்ந்து பாதியைத்தான் தடுக்கிறது.

'ப' வடிவமும் சுற்றறிக்கை ராஜ்ஜியமும்

2025 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக்கல்வித் துறை வகுப்பறைகளில் 'ப' வடிவத்தில் இருக்கை போடச் சொன்னது நினைவிருக்கும். 'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' என்ற மலையாளப் படத்தைப் பார்த்துவிட்டுக் கேரளத்தில் சில பள்ளிகள் செய்ததுதான் தொடக்கம். கடைசி பெஞ்சு என்று ஒன்று இருக்கக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம். கழுத்து வலிக்கும், போர்டு தெரியாது என்று எதிர்ப்பும் வந்தது. 2024-ல் நீதிபதி சந்துரு குழு, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னதும் சாதிப் பாகுபாட்டை உடைக்கத்தான். பெஞ்சு சில வேலைகளைச் செய்யும். மனுசனை மனுசன் பக்கத்தில் உட்கார வைக்கும். நான் அதற்கு எதிரி இல்லை.

ஆனால் அதையே நோய்த் தடுப்பு என்று யாராவது சொன்னால் அங்கேதான் நிற்கிறேன். மேலே சொன்ன அறையில் மூன்று சுவரையும் கூட்டினால் 70 அடி. ஆளுக்கு 2 அடி என்றால் 35 பேர், அதுவும் தோளோடு தோள். நாற்பதாவது பையன் நடுவில்தான். அதோடு 'ப'வில் எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்து உட்காருகிறார்கள். 2020-ல் அமெரிக்க மையம் சொன்னது என்ன? எல்லாரும் ஒரே திசையைப் பார்த்து உட்காருங்கள் என்றது. ஒரு வருஷம் முதுகைப் பார், இன்னொரு வருஷம் முகத்தைப் பார். இரண்டுமே பெஞ்சைத் தூக்கிப் போடும் வேலை. இரண்டுக்குமே அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவு கிடையாது. நான் சொல்ல வருவது இதுதான்: பெஞ்சு நகர்த்துவது நல்லதா கெட்டதா என்பது ரெண்டாவது. அது ஓசி. அதனால்தான் அது மட்டும் நடக்கிறது.

ஜன்னல் போட காசு வேண்டும். கூடுதல் வகுப்பறைக்குக் காசு வேண்டும். டீச்சருக்குச் சம்பளத்தோடு லீவு கொடுக்கக் காசு வேண்டும். பெஞ்சை நகர்த்த எட்டாம் கிளாஸ் பையன்கள் நாலு பேர் போதும்.

தீவுக்கு நெருக்கம் புதுசு இல்லை

அந்தமான் என்றாலே நம் மக்களுக்குச் செல்லுலார் ஜெயிலும் பீச்சும்தான் நினைவுக்கு வரும். இன்னொரு சரித்திரம் இருக்கிறது. 1858-ல் ஆங்கிலேயர் குடியேற்றம் வைத்த பிறகு, 1863-ல் ராஸ் தீவில் 'அந்தமான் ஹோம்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். காட்டில் சிறு சிறு கூட்டமாகக் காற்றோட்டமாக வாழ்ந்த கிரேட் அந்தமானியரை நாகரிகப்படுத்துகிறோம் என்று கூரைக்குக் கீழே ஒன்றாகக் கூட்டி வைத்தார்கள். பிறகு அப்படிப் பல ஹோம்கள். 1877-ல் தட்டம்மை புகுந்தது. தெற்கு அந்தமானில் தொடங்கிக் கூட்டம் கூட்டமாக அள்ளிக்கொண்டு போனது. பால்வினை நோய்களும் சேர்ந்துகொண்டன. 1901 கணக்கெடுப்பில் கிரேட் அந்தமானியர் 625 பேர். 1931-ல் 90 பேர். அதற்கு முன்னால் சில ஆயிரம் பேர் இருந்த மக்கள்.

1999-ல் ஜாரவாக்களுக்கும் தட்டம்மை வந்தது. 2020 ஆகஸ்டில் கிரேட் அந்தமானியரில் மிஞ்சியிருந்த சில டஜன் பேரிலேயே 10 பேருக்குக் கொரோனா. நெருக்கமும் வெளியிலிருந்து வரும் கிருமியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்தத் தீவுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம்.

இன்றைக்கும் தீவின் கணக்கு வேறு. மெயின்லேண்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றினால் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கேம்பல் பே குழந்தைக்கு மூச்சு இரைத்தால்? போர்ட் பிளேர் ஜி.பி. பந்த் ஆஸ்பத்திரி 500 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் கடல். கச்சாலில் ரப்பர் தோட்டத்துக்காக இலங்கையிலிருந்து வந்து குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. சாஸ்திரி-ஸ்ரீமாவோ ஒப்பந்தத்தில் திரும்பியவர்கள். 2004 சுனாமியில் அந்தத் தீவு பட்ட பாடு உலகத்துக்கே தெரியும். அங்கே ஒரு பிள்ளைக்கு நிமோனியா என்றால் ஹெலிகாப்டரோ கப்பலோ, அதுவும் வானிலை சரியாக இருந்தால். மே முதல் டிசம்பர் வரை மழை. நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கே "சாதாரண வைரல் ஃபீவர்தானே" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஜன்னல் என்ற மறந்துபோன சாமான்

பழைய அந்தமான் கட்டிடங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மரச் சுவர், உயரமான கூரை, ஜன்னலுக்கு மேலே வென்டிலேட்டர், சுற்றிலும் வராந்தா. மழை அடித்தாலும் வராந்தா தாங்கிக்கொள்ளும், ஜன்னல் திறந்தே இருக்கும். சூடான காற்று மேலே வென்டிலேட்டர் வழியாக வெளியேறும், கீழே புதுக்காற்று வரும். கரண்டே வேண்டாம்.

2007-ல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பெரு நாட்டின் லிமா நகரில் எட்டு ஆஸ்பத்திரிகளில் அளந்து பார்த்தார்கள். ஜன்னல் கதவைத் திறந்து வைத்த அறைகளில் சராசரியாக மணிக்கு 28 தடவை காற்று முழுசாக மாறியது. 1950-க்கு முன்னால் கட்டிய உயரமான கூரை, பெரிய ஜன்னல் அறைகளில் 40 தடவை. இயந்திரம் வைத்துக் காற்று தள்ளும் நவீன அறைகளில் 12 தடவை. தாத்தா காலத்துக் கட்டிடம் ஜெயித்தது! அமெரிக்க மையம் 2023-ல் சாதாரண கட்டிடங்களுக்கு வைத்த இலக்கு மணிக்கு 5 தடவை. அதாவது நம் பழைய பள்ளிக்கூடம் சும்மா நின்றுகொண்டே அந்த இலக்கைத் தாண்டியிருக்கும்.

இப்போது என்ன கட்டுகிறோம்? கான்கிரீட் பெட்டி. தாழ்ந்த கூரை. அலுமினியம் ஸ்லைடிங் ஜன்னல். இந்த ஸ்லைடிங் ஜன்னல் இருக்கிறதே, முழுசாகத் திறந்தாலும் பாதிதான் திறக்கும். ஒரு கதவு இன்னொரு கதவுக்குப் பின்னால் போய் நிற்கும், அவ்வளவுதான். வென்டிலேட்டர் கிடையாது. வராந்தாவை மூடி இன்னொரு கிளாஸ். மழை வந்தால் ஜன்னலும் சாத்தியாச்சு. ஈரப்பதத்தில் வேர்த்து வழியும் 40 பிள்ளைகள்.

அப்புறம் வந்தார் ஏசி மகாராஜா. தனியார் பள்ளி விளம்பரப் பலகையைப் பாருங்கள்: "ஏசி ஸ்மார்ட் கிளாஸ்". ஒன்று சொல்கிறேன், மனதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில், வகுப்பில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டு வராது. வெளியே இருக்கும் பெட்டிக்கும் உள்ளே இருக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓடுவது குளிர்விக்கும் வாயு மட்டும். அறைக் காற்று அதே காற்றுதான். அதையே உறிஞ்சி, குளிராக்கி, மறுபடி உங்கள் பிள்ளை மூஞ்சியில் ஊதுகிறது. 40 பேர் விட்ட மூச்சைக் குளிர்ச்சியாகப் பரிமாறும் எந்திரம். அதற்குத் தனிக் கட்டணம் வேறு.

நாம் விடும் மூச்சில் கார்பன்-டை-ஆக்சைடு சுமார் 40,000 பி.பி.எம். வெளிக்காற்றில் 425 பக்கம். ஒரு மூடிய வகுப்பில் மீட்டர் 2,400 காட்டினால் கூடுதல் 2,000. நாற்பதாயிரத்தில் ரெண்டாயிரம், இருபதில் ஒரு பங்கு. அதாவது உங்கள் பிள்ளை இழுக்கும் ஒவ்வொரு 20 மூச்சில் ஒரு மூச்சு, அந்த அறையில் யாரோ ஏற்கெனவே விட்ட மூச்சு. அடுத்தவன் கடித்த மாங்காயை வாங்கித் தின்னாதே என்று அடிப்போம். இதற்கு ஃபீஸ் கட்டுகிறோம்.

தாய்வானில் ஒரு பல்கலைக்கழகத்தில் காசநோய் பரவியபோது அறைகளின் கார்பன்-டை-ஆக்சைடு 3,000 பி.பி.எம்மைத் தாண்டியிருந்தது. காற்றோட்டத்தைச் சரிசெய்து அதை 600 பக்கம் கொண்டு வந்தார்கள். புதிதாக நோய் வருவது 97 சதவீதம் குறைந்ததற்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது என்று 2020-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பெஞ்சு இருந்த இடத்திலேயேதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன் :-)

நூறு சதவீத வருகைப் பரிசு என்னும் அபத்தம்

இதுதான் எனக்கு உச்சந்தலையில் ஏறுகிற விஷயம். ஒரு பக்கம் காய்ச்சல் பரவுகிறது என்று பெஞ்சை நகர்த்துகிற அதே பள்ளி, ஆண்டு விழாவில் "ஒரு நாள் கூட லீவு போடாத மாணவர்" என்று மேடைக்குக் கூப்பிட்டு கப் கொடுக்கிறது. என்ன அர்த்தம்? உடம்பு சரியில்லாவிட்டாலும் வா, நாலு பேருக்குக் கொடுத்துவிட்டுப் போ, உனக்கு எவர்சில்வர் தட்டு!

அந்தமான் அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. அங்கே தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும். 220 நாள் பள்ளி என்றால் 55 நாள் வராமல் இருக்கலாம். மருத்துவக் காரணத்துக்குத் தளர்வும் உண்டு. வருஷத்தில் மூன்று தடவை காய்ச்சல் வந்து ஒவ்வொரு தடவையும் நாலு நாள் வீட்டில் இருந்தால் 12 நாள். சட்டமே ஒன்றும் சொல்லாதபோது கப் எதற்கு?

நம் ஆட்களுக்கு இது தெரியாததும் இல்லை. அம்மை போட்டால் என்ன செய்வோம்? வாசலில் வேப்பிலை சொருகுவோம். பிள்ளையை வெளியே அனுப்ப மாட்டோம். விருந்தாளியும் வர மாட்டார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை பள்ளிக்கூடப் பேச்சே கிடையாது. எந்த வாத்தியாரும் "ஏன் வரலை" என்று கேட்டதில்லை. அந்த ஒழுங்கு பாட்டிமார்களுக்கு இருந்தது. நமக்குப் பாராசிட்டமால் வந்தது, வேப்பிலை போச்சு. காலையில் ஒரு டோஸ் கொடுத்தால் மத்தியானம் வரை சூடு தெரியாது. அதற்குள் ரெண்டு பீரியட் முடிந்துவிடும், பக்கத்துப் பிள்ளைக்கும் வந்துவிடும்.

டீச்சர்களைத் திட்டாதீர்கள். தனியார் பள்ளியிலும் ஒப்பந்த வேலையிலும் இருக்கும் டீச்சருக்கு லீவு போட்டால் சம்பளம் பிடிப்பு. தொண்டை கட்டிக்கொண்டு, இருமிக்கொண்டே வந்து, கத்திக் கத்திப் பாடம் நடத்துகிறார். மரின் கவுண்டி கதை நினைவிருக்கிறதா? முன் வரிசைப் பிள்ளைகள் யார் வாயைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்?

வழக்கமான மூன்று பதில்கள்

"எங்க காலத்துல அறுபது பேர் உட்கார்ந்தோம், ஒண்ணும் ஆகலை." ஆகாதவர்கள்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம். என் வகுப்பிலும் ஐம்பதுக்கு மேல். ஆனால் அந்த அறையில் வராந்தாவும் வென்டிலேட்டரும் இருந்தது.

"நோய் வந்தாத்தான் எதிர்ப்புச் சக்தி வரும்." அதற்குத்தான் தடுப்பூசி. தட்டம்மை-ரூபெல்லா ஊசி ரெண்டு டோஸ் போட்டாயிற்றா என்று பாருங்கள். நிமோனியா வந்து வருகிற சக்தி எனக்கு வேண்டாம்.

"ஜன்னலைத் திறந்தால் கொசு, மழை." இது நியாயமான கேள்வி, ஏனென்றால் டெங்கு கொசு பகலில்தான் கடிக்கும். கொசுவலை அடித்தால் காற்று குறையும், ஆனால் சாத்திய ஜன்னலை விட எத்தனையோ மேல். மேலே வென்டிலேட்டர் வெட்டலாம், மழைக்கு நீளமான சன்ஷேடு போடலாம், சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டலாம். ஏசி வேண்டும் என்றாலும் ஒரு ஜன்னலை ஒரு சாண் திறந்து வைத்து எக்ஸாஸ்டை ஓட விடுங்கள். கரண்ட் பில் ஏறும். ஏறட்டும்.

கண் நோய், அதாங்க மெட்ராஸ் ஐ, கை-கால்-வாய் நோய் இதெல்லாம் முக்கியமாகக் கையாலும் பொருளாலும் பரவுகிறவை. அதற்குப் பெஞ்சும் உதவாது, ஜன்னலும் உதவாது. தண்ணீரும் சோப்பும்தான். போர்ட் பிளேரில் கோடையில் குழாய்த் தண்ணீர் ஒன்று விட்டு ஒரு நாள் வந்தாலே பெரிது. பள்ளியின் கைகழுவும் இடத்தில் தண்ணீர் வருகிறதா என்று எத்தனை பெற்றோர் போய்த் திறந்து பார்த்திருப்போம்?

நமக்கு என்ன?

இந்தியாவில் பிள்ளை படிக்காதவர்கள் "நமக்கென்ன" என்று போக வேண்டாம். இங்கே டொராண்டோவில் ஆன்டாரியோ அரசு 2021-ல் வகுப்பறைகளுக்குக் காற்று வடிகட்டி வாங்கிக் கொடுத்தது. அது வாரநாள் பள்ளிக்கு. நாம் சனிக்கிழமை நடத்துகிற தமிழ் வகுப்பு? வாடகை அடித்தளம், ஜன்னலே இல்லை, பனிக்காலம், முப்பது பிள்ளைகள் உரக்கச் சொல்லும் ஆத்திசூடி. ஆண்டு விழா ஒத்திகைக்கு "சின்ன சளிதான், டைலினால் கொடுத்திருக்கேன்" என்று இறக்கிவிட்டுப் போகிற அப்பாக்கள். பாட்டிக்குத் தொற்றி, பாட்டி பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த வீடு எனக்குத் தெரியும். ஒரு வாரம் ஆத்திசூடி சொல்லாவிட்டால் அவ்வையார் கோபிக்க மாட்டார்.

ஊருக்குத் திரும்பிப் போகும் திட்டத்தில் பள்ளி தேடுகிறவர்களே, "ஏசி இருக்கா" என்று கேட்பதை நிறுத்துங்கள். நாம் கேட்பதால்தான் அவர்கள் மாட்டுகிறார்கள். இதைக் கேளுங்கள்:

1. ஒரு வகுப்பில் எத்தனை பிள்ளைகள்? (தொடக்க நிலையில் ஆசிரியருக்கு 30 பேர் என்பது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு.)
2. ஜன்னல் திறக்குமா? இப்போது திறந்து காட்ட முடியுமா?
3. டீச்சருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் சம்பளத்தோடு லீவு உண்டா?
4. நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கிறீர்களா? ஏன்?
5. கைகழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா?
6. இதெல்லாம் முடிந்த பிறகு, பெஞ்சை எப்படிப் போட்டிருக்கிறீர்கள்?

பெஞ்சு ஆறாவது. முதலாவது இல்லை.

படித்த பள்ளிக்கு நன்கொடை அனுப்புகிற பழைய மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்மார்ட் போர்டு வேண்டாம், உங்கள் பெயர் போட்ட ஆர்ச் வேண்டாம். அந்தக் காசுக்கு வகுப்புக்கு நாலு வென்டிலேட்டர், ரெண்டு எக்ஸாஸ்ட் ஃபேன், பள்ளிக்கு ஒரு கார்பன்-டை-ஆக்சைடு மீட்டர் வாங்கலாம். மீட்டர் 100 டாலருக்குள் கிடைக்கிறது. அதைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்கள். 1,000 தாண்டினால் மணியடித்து ஜன்னலைத் திறக்கும் வேலையை ஐந்தாம் வகுப்பு லீடர் சந்தோஷமாகச் செய்வாள். சயன்ஸ் பாடமும் ஆச்சு.

ஊரில் வருஷப் பரிசளிப்பு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டால், மேடையில் வருகைக் கப்பைக் கொடுக்க மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். காரணம் கேட்பார்கள். சொல்லுங்கள்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. காற்றுக் குழாய்க்காரன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் என்னைக் கேட்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள். ஜன்னல் என்றால் கேளுங்கள்.